மூலிகைச் சாற்றைப் புற்றுநோய்ச் செல்களில் சோதிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

செல்களைக் கொல்வது எளிது. வளர்ப்புத் தட்டில் இருக்கும் புற்றுநோய்ச் செல்கள் உப்பு கூடினால் சாகும், சோப்புத் தண்ணீர் பட்டால் சாகும், கரைப்பான் கொஞ்சம் அதிகமானாலும் சாகும். அதனால் ஒரு மூலிகைச் சாற்றைப் போட்டதும் செல்கள் செத்தன என்பது மட்டும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. சாற்றில் உள்ள பொருளால்தான் செத்தன, சாதாரணச் செல்களை விடக் குறைந்த அளவிலேயே புற்றுநோய்ச் செல்கள் செத்தன, வேறொருவர் வேறொரு நாளில் செய்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். ஆய்வகத்தில் நீங்கள் செலவிடப்போகும் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் நித்தியகல்யாணி இலை நீரிழிவுக்கு உதவுமா என்றுதான் பார்க்கப் போனார்கள். எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவதைக் கவனித்து, அந்த வழியில் போய், 1950களின் இறுதியில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962இல் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து கிடைத்த டாக்சால் என்ற பொருளின் வேதி அமைப்பை மன்றோ வாலும் மன்சுக் வானியும் மற்றவர்களும் 1971இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அது புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது 1992இல். பட்டையிலிருந்து ஊசிமருந்து வரை முப்பது வருடம். நாம் இங்கே பேசப்போவது அந்தப் பாதையின் முதல் சில அடிகளை மட்டும்.

செல் வளர்ப்பு வசதியும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவரும் இருக்கிற ஆய்வகத்தில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செடி எது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் பில்லாந்தஸ் பேரினத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் புழங்குகின்றன. பில்லாந்தஸ் அமாரஸைப் பறித்துவிட்டு பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. செடி மாறினால் அதற்குப் பிறகு செய்த எல்லாமே வேறொரு செடியின் கதையாகிவிடும். எனவே பூவோ காயோ உள்ள கிளையை எடுத்து, அழுத்தி உலர்த்தி, பறித்த தேதி, இடம், பறித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, தாவர வகைப்பாட்டில் தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் உறுதி செய்த மாதிரியை ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமிக்கும் காப்பகம்) ஒப்படைத்து, அதற்கான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரையில் அந்த எண் வர வேண்டும். கடையில் வாங்கிய தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

செடியை எடுக்க அனுமதி தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மரபணு வளங்களைப் பயன்படுத்துவதற்கும் பலனைப் பகிர்வதற்கும் ஆன நகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதிகள் உண்டு. ஒரு சமூகத்தின் மருத்துவ அறிவைக் கேட்டறிந்து தொடங்கும் ஆய்வு என்றால், அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது.

உலர்த்துவதும் சாறெடுப்பதும்

நிழலில், காற்றோட்டமான இடத்தில், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். அடுத்தடுத்த நாட்களில் எடை மாறாமல் நின்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள். கொஞ்சம் பூஞ்சை தெரிந்தாலும் அந்தத் தொகுதியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூஞ்சை நச்சுகளும் செல்களைக் கொல்லும்.

100 கிராம் தூளுக்கு 1 லிட்டர் கரைப்பான் என்ற விகிதத்தில் ஊறவைப்பது வழக்கம். 24 மணி நேரம் குலுக்கியில் வைத்து, வடிதாளில் வடித்து, அதே சக்கையில் புதுக் கரைப்பான் ஊற்றி மூன்று முறை எடுக்கலாம். கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பத் தூளின் வழியே ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவி வேகமானது, ஆனால் மணிக்கணக்கில் சூடாக்கும். வெப்பம் தாங்காத பொருட்கள் அதில் சிதைந்துவிடும் என்பதால் முதல் சோதனைக்கு ஊறவைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

முடிந்தால் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், தண்ணீர் என்று வரிசையாக எடுங்கள். ஹெக்சேனில் எண்ணெயும் மெழுகும் வந்துவிடும். எத்தில் அசிட்டேட்டில் நடுத்தர முனைவுள்ள பொருட்கள் வரும். மெத்தனாலிலும் தண்ணீரிலும் கிளைக்கோசைடுகள், டானின்கள், சபோனின்கள் வரும். எந்தச் சாறு வேலை செய்கிறது என்று தெரிந்தாலே, தேடும் பொருளின் தன்மையைப் பற்றி ஒரு துப்பு கிடைத்துவிடும். மரபில் கஷாயமாகக் காய்ச்சும் செடி என்றால் அதே முறையில் ஒரு தண்ணீர்ச் சாறும் எடுத்து வையுங்கள். மக்கள் உண்மையில் குடிப்பது அதுதான்.

கரைப்பானை ரோட்டரி எவாப்பரேட்டரில் (குடுவையைச் சுழற்றி ஆவியாக்கும் கருவி) 40 டிகிரியில், அழுத்தம் குறைத்து நீக்குங்கள். தண்ணீர்ச் சாற்றை உறைய வைத்து உலர்த்துவது நல்லது. பிறகு வெற்றிட டெசிக்கேட்டரில் வைத்து எடை நிலைக்கும் வரை பாருங்கள். மெத்தனால் மிச்சமிருந்தால் அதுவே செல்களைப் பாதிக்கும். 100 கிராம் தூளிலிருந்து 8.4 கிராம் சாறு கிடைத்தால் விளைச்சல் 8.4 விழுக்காடு. இந்த எண்ணை அன்றே குறித்து வையுங்கள். சாற்றைச் சிறு குப்பிகளில் பிரித்து, வெளிச்சம் படாமல், மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரே செடியாக இருந்தாலும் மழைக்காலத்தில் பறித்ததும் கோடையில் பறித்ததும் ஒன்றாக இருக்காது. எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி அல்லது எச்.பி.எல்.சி. பதிவு (இரண்டும் சாற்றில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் முறைகள்) எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஸ்டாக் கரைசல்

பெரும்பாலான சாறுகள் டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரையும். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று ஸ்டாக் (பின்னால் நீர்த்துப் பயன்படுத்தும் அடர் கரைசல்) தயாரித்தால் கணக்கு எளிது. இதை 500 மடங்கு நீர்த்தால் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறும் 0.2 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ.வும் கிடைக்கும். செல்கள் வளரும் தட்டின் எந்தக் குழியிலும் டி.எம்.எஸ்.ஓ. 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 0.1 அல்லது 0.2இல் நிறுத்துவது இன்னும் நல்லது. கரையாமல் அடியில் தங்கும் சாற்றை மையவிலக்கியில் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுத்தால், நீங்கள் எழுதிய செறிவு பொய்யாகிவிடும். தங்கியதை உலர்த்தி எடைபோட்டுத் திருத்துங்கள். வடிகட்டுவதாக இருந்தால் டி.எம்.எஸ்.ஓ.வைத் தாங்கும் வடிபடலமா என்று பாருங்கள். செல்லுலோஸ் அசிட்டேட் தாங்காது.

டி.எம்.எஸ்.ஓ. தோல் வழியாக உள்ளே போகும், தன்னில் கரைந்ததையும் கூட்டிக்கொண்டு போகும். கையுறையில் பட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

செல்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு எம்.சி.எஃப்-7, நுரையீரலுக்கு ஏ549, கல்லீரலுக்கு ஹெப்-ஜி2, கருப்பை வாய்க்கு ஹீலா ஆகியவைதான் பெரும்பாலும் கையில் கிடைக்கும் செல் லைன்கள் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் வகைகள்). ஹீலா 1951இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவருடைய அனுமதி கேட்காமலேயே எடுக்கப்பட்டது. அந்தச் செல்களில் வேலை செய்கிறவர் அவர் பெயரையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கத்து ஆய்வகத்தில் ஒரு குப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அங்கேதான் ஆபத்து. எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற செல் லைனைப் பல ஆண்டுகள் மார்பகப் புற்றுநோய் என்று நம்பிப் பயன்படுத்தினார்கள். அது எம்14 என்ற மெலனோமா (தோல் புற்றுநோய்) செல் லைன் என்பது பின்னால் தெரிந்தது. சாங் லிவர், ஹெப்-2 இரண்டும் உண்மையில் ஹீலாதான். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட செல் வங்கியில் வாங்குங்கள், அல்லது கைக்கு வந்ததை எஸ்.டி.ஆர். பரிசோதனை (செல்லின் டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்துங்கள். வந்ததும் முதல் வேலையாகப் பெருக்கி, பல குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் சேமித்துவிடுங்கள். சோதனைக்கு ஒவ்வொரு முறையும் குறைந்த பாசேஜ் எண்ணிலிருந்தே (புதுப் பாத்திரத்துக்கு மாற்றி வளர்த்த தடவைகளின் எண்ணிக்கை) தொடங்கலாம்.

இன்னொரு பகை மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. ஊடகம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் புகுந்துவிடும். செல்சுவர் இல்லாததால் பெனிசிலினும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் செல்லின் வளர்சிதைமாற்றத்தை மாற்றிவிடும், நாம் அளக்கப்போவதே அந்த வளர்சிதைமாற்றத்தைத்தான். மாதம் ஒருமுறை பி.சி.ஆர். (அதன் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வளர்ப்பு முறை கற்றுத்தருபவரின் கையைப் பார்த்துத்தான் வரும். 37 டிகிரி, 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, 10 விழுக்காடு கன்றுக்கருச் சீரம் சேர்த்த டி.எம்.இ.எம். அல்லது ஆர்.பி.எம்.ஐ.-1640 ஊடகம் ஆகிய பொதுவான விவரங்கள் எல்லாக் கையேடுகளிலும் இருக்கின்றன. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பாதுகாப்பு. இரண்டாம் வகை உயிரியல் பாதுகாப்பு அலமாரியில் மட்டுமே மனிதச் செல்களைத் திறங்கள். காற்றை உங்கள் முகத்தை நோக்கித் தள்ளும் கிடைமட்ட லேமினார் மேசையில் வேண்டாம். ஹீலாவில் எச்.பி.வி-18 வைரஸின் மரபணுக்கள் உள்ளன. திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த குப்பி வெடிக்கக்கூடும், முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிபோன்ற கவசம் இல்லாமல் கையில் எடுக்காதீர்கள்.

எண்ணி விதைப்பது

செல்கள் வளர்ப்புக் குடுவையின் அடிப்பரப்பில் 70 முதல் 80 விழுக்காடு பரவியிருக்கும்போது, ஒட்டியதைப் பிரிக்கும் டிரிப்சின் நொதி போட்டு எடுங்கள். முழுக்க நிரம்பி நெருக்கியடிக்கும் செல்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். செத்த செல்லுக்குள் மட்டும் ஏறும் டிரைப்பான் நீலச் சாயத்தோடு சமமாகக் கலந்து, ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் எண்ணுங்கள். நீலம் ஏறாத உயிருள்ள செல்கள் 90 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அன்று சோதனை வேண்டாம்.

கணக்கு இப்படி. ஒரு பெரிய சதுரத்தில் சராசரியாக 40 செல், சமமாகக் கலந்ததால் நீர்ப்பு 2. 40ஐ 2ஆலும் 10,000ஆலும் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 8 லட்சம் செல். நமக்கு ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டரில் 5,000 செல் வேண்டும், அதாவது மில்லிலிட்டருக்கு 50,000. ஆக 10 மில்லிலிட்டர் தயாரிக்க 0.625 மில்லிலிட்டர் செல் கரைசலும் 9.375 மில்லிலிட்டர் ஊடகமும் கலக்க வேண்டும்.

5,000 என்பது தொடக்க எண் மட்டும். ஹீலா ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிக்கும், எம்.சி.எஃப்-7க்கு அதைவிட நேரம் ஆகும். முதலில் 1,000 முதல் 20,000 வரை பல எண்ணிக்கையில் விதைத்து, சாறு எதுவும் போடாமல், சோதனை முடியும் நாளில், கீழே வரும் எம்.டி.டி. சோதனையின் நிறம் எண்ணிக்கைக்கு ஏற்ப நேர்கோட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்த நேர்கோட்டுக்குள் இருக்கும் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். பிறகு அவர்களுடைய எண்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

தட்டை எப்படி நிரப்புவது

96 குழித் தட்டில் ஓரக் குழிகள் வேகமாக ஆவியாகும். அவற்றில் பி.பி.எஸ். (செல்களுக்கு ஏற்ற உப்புத் தாங்கல் கரைசல்) மட்டும் ஊற்றிவிட்டு உள்ளே இருக்கும் 60 குழிகளை, அதாவது ஆறு வரிசை, பத்து நிரல்களை, பயன்படுத்துங்கள். நான் விரும்பும் அமைப்பைச் சொல்கிறேன். முதல் நான்கு வரிசைகளில் செல்கள். கடைசி இரண்டு வரிசைகளில் செல் இல்லாமல் ஊடகம் மட்டும். நிரல்களில் முதலாவது எதுவும் சேர்க்காதது, இரண்டாவது டி.எம்.எஸ்.ஓ. மட்டும் சேர்த்தது, அடுத்த ஏழும் சாற்றின் ஏழு செறிவுகள், கடைசியில் அறியப்பட்ட புற்றுநோய் மருந்து ஒன்று. செல் இல்லாத அந்த இரண்டு வரிசைகள் வீண் என்று தோன்றும். மூலிகைச் சாறுகளில் அவைதான் உங்களைக் காப்பாற்றும், ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

விதைத்த பின் 24 மணி நேரம் செல்கள் ஒட்டிக்கொள்ள விடுங்கள். அப்புறம் சாறு. குழியில் ஏற்கெனவே 100 மைக்ரோலிட்டர் இருப்பதால் இரட்டிப்புச் செறிவில் தயாரித்து இன்னொரு 100 சேர்க்க வேண்டும். 6 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கை 1,494 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரும், டி.எம்.எஸ்.ஓ. 0.4 விழுக்காடு. இதில் 750 எடுத்து, 0.4 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. கலந்த 750 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் சேர்த்து, இப்படியே பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். குழியில் 200, 100, 50, 25, 12.5, 6.25, 3.125 என்ற செறிவுகள் கிடைக்கும். வெறும் ஊடகத்தில் நீர்த்தால் சாற்றோடு டி.எம்.எஸ்.ஓ.வும் குறைந்துகொண்டே போகும், எது கொன்றது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.

ஒப்பீட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை. சிஸ்பிளாட்டினை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைக்காதீர்கள். டி.எம்.எஸ்.ஓ. பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் கரையுங்கள். டாக்சோரூபிசின் சிவப்பு நிறம், அதன் நிறத்துக்கும் செல் இல்லாத குழி வேண்டும். இவை மனிதர்களுக்கும் நச்சு. இரட்டைக் கையுறை, தனிக் கழிவுப் பெட்டி கட்டாயம்.

செல் லைனின் வேகத்தைப் பொறுத்து 48 அல்லது 72 மணி நேரம் இன்குபேட்டரில் வையுங்கள்.

எம்.டி.டி. சோதனை

டிம் மோஸ்மன் 1983இல் வெளியிட்ட முறை. உயிருள்ள செல்லின் ரிடக்டேஸ் நொதிகள் மஞ்சள் நிற எம்.டி.டி.யை ஊதா நிற ஃபார்மசான் படிகமாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்பது அடிப்படை.

எம்.டி.டி.யை எடுக்கும் முன் தட்டை நுண்ணோக்கியில் பாருங்கள், படம் எடுங்கள். செல்கள் சுருங்கி உருண்டிருக்கின்றனவா, வெடித்து வெறும் உட்கரு மட்டும் கிடக்கிறதா, சாறு படிகமாகப் படிந்து கிடக்கிறதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. பிறகு ஊடகத்தை மெதுவாக நீக்கி, பி.பி.எஸ். கொண்டு ஒருமுறை கழுவி, மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எம்.டி.டி. கலந்த சீரமில்லாத ஊடகத்தை 100 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள். 37 டிகிரியில் 3 மணி நேரம். ஊடகத்தை எடுத்துவிட்டு 100 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ.வில் படிகங்களைக் கரைத்து, 570 நானோமீட்டரில் அளவிடுங்கள், 630இல் பின்புல அளவு எடுங்கள். ஊடகத்தை நீக்கும்போது பிப்பெட் முனை அடியைத் தொட்டால் செல்களும் சேர்ந்து போய்விடும். மிதக்கும் செல்கள் என்றால் முதலில் தட்டையே மையவிலக்கியில் சுழற்ற வேண்டும்.

சாறு உங்களை ஏமாற்றும் இடங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். தூய வேதிப்பொருளுக்காக உருவான முறையில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்த சாற்றைப் போடுகிறோம். எல்லாப் பக்கமும் கண்ணி இருக்கிறது.

முதலாவது, சாறே எம்.டி.டி.யை ஊதாவாக மாற்றிவிடும். குவர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் அஸ்கார்பிக் அமிலமும் ஒடுக்கிகள் (எலக்ட்ரானைக் கொடுப்பவை), செல்லின் உதவியே இல்லாமல் எம்.டி.டி.யை ஒடுக்கும். அப்போது செத்த குழியும் உயிரோடு இருப்பதுபோல் காட்டும். ஓர் உதாரணம். டி.எம்.எஸ்.ஓ. குழியின் அளவு 1.05, அதற்கான செல் இல்லாத குழி 0.05. சாறு போட்ட குழி 0.62, அதே செறிவில் செல் இல்லாத குழி 0.22. எல்லாவற்றிலும் 0.05ஐ மட்டும் கழித்தால் 57 விழுக்காடு செல் உயிரோடு இருப்பதாக வரும். சரியான குழியைக் கழித்தால் 40. அந்த இரண்டு வெற்று வரிசைகள் இதற்குத்தான். வெற்றுக் குழியின் நிறம் மிக அதிகமாக இருந்தால் கழித்தலை நம்பாதீர்கள், வேறு முறைக்குப் போங்கள்.

இரண்டாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு. தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. போன்ற பாலிபீனால்கள் வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும்போதே ஆக்சிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்கும். செல்களைக் கொல்வது அந்தப் பெராக்சைடு. உடம்புக்குள் அப்படி நடக்க வேண்டும் என்பதில்லை. சோதிப்பது எளிது. பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த ஒரு தொகுதியும் சேர்க்காத ஒரு தொகுதியும் வையுங்கள். கேட்டலேஸ் சேர்த்ததும் நச்சுத்தன்மை காணாமல் போனால் விஷயம் புரிந்துவிடும்.

மூன்றாவது, டானின்களும் சபோனின்களும். டானின் கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். சபோனின் செல் சவ்வைச் சோப்புபோல் கரைத்துவிடும். இரண்டுமே அழகான கொல்லும் வளைவைத் தரும், இரண்டிலுமே புற்றுநோய்க்கென்று தனியாக ஒன்றும் இல்லை. சாறு போட்ட சில நிமிடங்களிலேயே செல்கள் வெடிப்பதைப் பார்த்தால் சபோனினைச் சந்தேகியுங்கள். டானினைப் பாலிஅமைடு நிரப்பிய குழாயில் ஓட்டி நீக்கிவிட்டு மறுபடி சோதிக்கலாம். சாறு சேர்த்ததும் ஊடகத்தின் சிவப்பு மஞ்சளாக மாறினால் அமிலத்தன்மை கூடிவிட்டது, பி.எச். சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

நான்காவது நம் வாசிப்பில் இருக்கும் பிழை. எம்.டி.டி. குறைந்தால் செல் செத்தது என்று எழுதிவிடுகிறோம். சாறு போடும் நேரத்தில் ஒரு தனித் தட்டை அளந்தால் 0.30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து டி.எம்.எஸ்.ஓ. குழி 1.20, சாறு போட்ட குழி 0.60. பாதி செத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் சாறு போட்ட குழியிலும் செல்கள் இரட்டித்திருக்கின்றன! வளர்ச்சி மெதுவானது, ஒரு செல்கூடச் சாகாமல் இருந்திருக்கலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் 60 செல் லைன் சோதனையில் தொடக்க நேர அளவைச் சேர்த்துக் கணக்கிடுவது இதனால்தான். நீங்களும் தொடக்க நேரத் தட்டு ஒன்றை வைத்துவிடுங்கள். கூடுதல் செலவு ஒரு தட்டு மட்டும்.

இத்தனையும் இருப்பதால் ஒரே முறையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். எஸ்.ஆர்.பி. (சல்ஃபோரோடமின் பி என்ற சாயம்) சோதனை 1990இல் அதே நிறுவனம் வெளியிட்டது. செல்லின் மொத்தப் புரதத்தைச் சாயமேற்றி அளக்கும், ஒடுக்கத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. செல்களை டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் நிலைப்படுத்தி, 0.4 விழுக்காடு சாயம் ஏற்றி, 1 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கழுவி, டிரிஸ் கரைசலில் கரைத்து அளக்க வேண்டும். மூலிகைச் சாறுகளுக்கு எம்.டி.டி.யை விட இதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

ஐ.சி.50 கணக்கிடுவது

ஐ.சி.50 என்பது அளவைப் பாதியாகக் குறைக்கும் சாற்றுச் செறிவு. செறிவை மடக்கை அளவில் போட்டு, நான்கு மாறி கொண்ட எஸ் வடிவ வளைவைப் பொருத்துங்கள். கிராஃப்பேட் பிரிசம் செய்யும், இலவசமாக வேண்டும் என்றால் ஆர் மொழியின் டி.ஆர்.சி. தொகுப்பு செய்யும். நேர்கோடு வரைந்து கண்டுபிடிக்காதீர்கள். 200 மைக்ரோகிராமிலும் பாதி குறையவில்லை என்றால் 200க்கு மேல் என்று மட்டும் எழுதுங்கள், வளைவை நீட்டி 347 என்றெல்லாம் எண் எடுக்கக் கூடாது.

ஒரே தட்டின் நான்கு குழிகள் நான்கு சோதனைகள் ஆகாது. வேறு வேறு நாளில், வேறு பாசேஜில், புதிதாகக் கரைத்த சாற்றில் குறைந்தது மூன்று முறை செய்து, ஒவ்வொன்றிலும் வந்த ஐ.சி.50களின் சராசரியையும் விலக்கத்தையும் கொடுங்கள்.

எது நல்ல எண்? கச்சாச் சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது ஆய்வாளர்கள் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. 200இல் வேலை செய்யும் சாற்றைக் கொண்டாட வேண்டாம். 5 லிட்டர் இரத்தத்தில் அந்தச் செறிவு வர வேண்டுமானால் முழுதாக 1 கிராம் சாறு ஒரே நேரத்தில் இரத்தத்தில் கரைந்து நிற்க வேண்டும். குடலும் கல்லீரலும் அப்படி விட்டுவைப்பதில்லை.

சாதாரணச் செல்களுக்கு என்ன ஆகிறது

சாதாரணச் செல்லின் ஐ.சி.50ஐப் புற்றுநோய்ச் செல்லின் ஐ.சி.50ஆல் வகுத்தால் தேர்வுக் குறியீடு கிடைக்கும். 90ஐ 25ஆல் வகுத்தால் 3.6. பொதுவாக 3க்கு மேல் இருந்தால் நம்பிக்கை தரும் என்பார்கள். எந்தச் செல்லோடு ஒப்பிட்டீர்கள் என்பது எண்ணை விட முக்கியம். வீரோ குரங்கின் சிறுநீரகச் செல், எல்929 எலியின் செல். எச்.இ.கே.293 மனிதச் செல்தான், ஆனால் வைரஸ் மரபணு கொண்டு நிரந்தரமாக்கப்பட்டது. அதைச் சாதாரணச் செல் என்று எழுதுவது சரியல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு எம்.சி.எஃப்-10ஏ, மற்றபடி மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் போன்றவை மேல். மெதுவாக வளரும் செல், வளர்ச்சியைத் தடுக்கும் பொருளுக்கு இயல்பாகவே கொஞ்சம் தாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். குறியீடு உயர்ந்து தெரிவதற்கு அது மட்டுமே காரணமாக இருக்கலாம்.

அடுத்து என்ன

எண்கள் மூன்று முறையும் நின்றுவிட்டன, கேட்டலேஸ் சோதனையிலும் தப்பிவிட்டது, சாதாரணச் செல்லும் ஓரளவு தாங்குகிறது. இப்போதுதான் செல் எப்படிச் சாகிறது என்று கேட்க வேண்டும். அனெக்சின்-வி, புரோபிடியம் அயோடைடு என்ற இரண்டு அடையாளச் சாயங்களையும் ஏற்றி, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்தால் அப்பாப்டாசிஸா (செல் தன்னையே ஒழுங்காக அழித்துக்கொள்வது), நெக்ரோசிஸா (உடைந்து சாவது) என்று பிரியும். அப்பாப்டாசிஸை நடத்தும் காஸ்பேஸ் 3/7 நொதிகளின் அளவும் சேர்ந்தால் வலு கூடும். காலனி உருவாகும் சோதனை இரண்டு வாரம் வரை பிடிக்கும், ஆனால் செல் மீண்டும் பெருகும் திறனை இழந்ததா என்று நேராகக் காட்டும். இந்தச் சோதனைகளை ஐ.சி.50ஐ ஒட்டிய செறிவில் செய்யுங்கள். ஐந்து மடங்கு போட்டால் பல பொருட்களும் செல்லைக் கொன்றுவிடும்.

அதோடு சாற்றைப் பிரிக்கும் வேலையும் தொடங்கலாம். நிரல் குரோமட்டோகிராஃபியில் (நிரப்பிய குழாய் வழியே ஓட்டிப் பிரிக்கும் முறை) பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதே தட்டு அமைப்பில் சோதித்து, வலுவான பகுதியை மீண்டும் பிரித்து, இப்படியே ஒரே ஒரு பொருள் கையில் வரும் வரை போக வேண்டும். வழியில் வீரியம் எல்லாப் பகுதியிலும் கரைந்து காணாமல் போவதும் உண்டு. அப்போது பகுதிகளைத் திரும்பச் சேர்த்து வீரியம் மீள்கிறதா என்று பாருங்கள். வந்த பொருள் ஏற்கெனவே அறியப்பட்டதா என்று நிறை நிறமாலையில் சீக்கிரமே பார்த்துவிட்டால் மாதக்கணக்கில் மிச்சமாகும்.

எழுதும்போது செடியின் முழு அறிவியல் பெயர், ஹெர்பேரியம் எண், பறித்த மாதம், கரைப்பான், விளைச்சல், செல் லைனின் மூலம், எஸ்.டி.ஆர். மற்றும் மைக்கோபிளாஸ்மா முடிவுகள், விதைத்த எண்ணிக்கை, நேரம், டி.எம்.எஸ்.ஓ. அளவு, ஒப்பீட்டு மருந்தின் ஐ.சி.50 எல்லாம் இருக்கட்டும். தலைப்பிலும் சுருக்கத்திலும் "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்ற சொல் வரவே கூடாது. "எம்.சி.எஃப்-7 செல்களின் வளர்ச்சியை ஆய்வகத்தில் தடுத்தது" என்பதுதான் நீங்கள் கண்டது. இந்த வரியை வாசித்துவிட்டு நோயுற்ற ஒருவரோ அவர் வீட்டாரோ, இந்த இலையை அரைத்துக் கொடுக்கலாமா என்று உங்களிடமே கேட்கக்கூடும். தட்டில் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்லாது என்றும், சிகிச்சையை நிறுத்தாதீர்கள் என்றும், எந்த மூலிகை எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் நேராகச் சொல்லுங்கள். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளையே மாற்றிவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தின் செயல்படும் வடிவம் இரத்தத்தில் இருக்கும் அளவைக் குறைப்பது நோயாளிகளிடமே காட்டப்பட்டிருக்கிறது.